எல்லாரும் நல்லா இருக்கோம்

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்தைப் பிடித்து நடுவன் உட்கார்ந்தபோது அவன் அப்பா செத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அழுகை வரவில்லை. அழுதுகொள்ளலாம், அதற்கென்ன, நாளெல்லாம் கிடக்கிறது. இப்போதைக்கு அவன் தலைக்குள் ஒரே ஒரு கவலைதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு பேர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் தான் போய்விட வேண்டும். போகாவிட்டால் அம்மாவும் போய்விடுவாள் என்று அவன் நிஜமாகவே நம்பினான்.

அந்த இரண்டு பேர் யார் என்று அவனுக்கே தெரியாது. அப்பாவின் முன்னாள் படைவீரர் சங்கத்து ஆட்கள், தொப்பியும் பதக்கமும் மாட்டிக்கொண்டு, மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். எல்லாம் அக்கா செய்த வேலை. அக்கா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் காரியத்தையும் அரை நிமிஷம் ஆறப்போட மாட்டாள். டாக்டர் வெள்ளைத் துணியை இழுத்து மூடியதும் இவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவப்பெட்டிக்குக் கொடி போர்த்துவது பற்றி விசாரிக்கத்தான் சங்கத்துக்குப் பேசினாள். அங்கே புதிதாக வந்திருக்கும் செயலாளர் அவளை விட வேகம்.

"கவலையே படாதீங்கம்மா. நம்ம ஆளுங்க ரெண்டு பேரை இப்பவே உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். முழு மரியாதையோட அம்மாகிட்ட சேதி சொல்லுவாங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கத்தினாள். அவர்களிடம் போன் இருக்கிறது, ஆனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அணைத்தே வைத்திருப்பார்கள் என்றார் செயலாளர். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு அடித்துப் பார்த்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அந்த அம்மாவுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அம்மாவிடமே போனில் சொல்லிவிடலாம் என்ற பேச்சே எழவில்லை. போன வருஷம்தான் அம்மாவின் இதயக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். நேரில் போய், உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும்.

"நீ ஓடுடா. நான் இங்க கையெழுத்து எல்லாம் போட்டுட்டு வரேன். அவங்களுக்கு முன்னாடி போயிடு. என்ன ஆனாலும் சரி."

நடுவன் ஓடினான். அவனுக்கு வயது அறுபதை நெருங்குகிறது, வேலை நாளெல்லாம் பேருந்தில் கண்டக்டராக நின்றே கால் வீங்கினவன். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்ததால் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர். தங்கை கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து ரயிலேறியிருந்தாள். ஆக, அம்மாவிடம் சொல்கிற பாக்கியம் இவன் தலையில் விடிந்தது.

இரண்டு பேர் வந்தால் என்ன, மூன்று பேர் வந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டு வாசல் கதை தெரியாது.

போர் நடந்த காலம். அம்மாவுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, வயிற்றில் பிள்ளை. அப்பா எந்த எல்லையில் எந்த மலையில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலையில் அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள், நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே சீருடையில் இரண்டு பேர். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிகள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஒருத்தன் வந்தால் லீவில் வந்தவன். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் சாவுச் சேதி. சொல்வதற்கு ஒருத்தன், விழுந்தால் பிடிப்பதற்கு ஒருத்தன். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அம்மா விழுந்துவிட்டாள். பிடிக்க வேண்டியவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவர்கள் வந்தது எதிர்வீட்டுக்கு. கதவு எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதைவிடப் பெரிய ரணம் ஒன்று உண்டு, அதை அவள் வயதான பிறகுதான் வாய்விட்டுச் சொன்னாள். கண் விழித்தபோது எதிர்வீட்டில் அழுகுரல் கேட்டதாம். அதைக் கேட்டதும் இவள் மனசு ஒரு துள்ளு துள்ளியதாம், அப்பாடா, என் வீட்டுக்காரர் இல்லை என்று. எதிர்வீட்டுக்காரி அப்புறம் பல வருஷம் அந்தத் தெருவில்தான் இருந்தாள். அம்மா அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

லீவில் வந்த அப்பா விஷயத்தைக் கேட்டார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன் அவர். ஒரு சட்டம் போட்டார். இனிமேல் இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, கேட்டில் கை வைக்குமுன் உரக்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "எல்லாரும் நல்லா இருக்கோம்!" அதற்கப்புறம்தான் வந்த காரியம்.

நல்லா என்றால் உயிரோடு என்று அர்த்தம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நடுவன் பள்ளிக்கூடத்தில் மரத்திலிருந்து விழுந்த அன்று, "எல்லாரும் நல்லா இருக்கோம், கை மட்டும் ஒடிஞ்சிருச்சு!" என்று கத்திவிட்டுத்தான் கேட்டைத் திறந்தான். கணக்கில் பெயிலான அன்றும் அப்படியே. அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களை அப்பா கேட்டுக்கு வெளியே நிறுத்திச் சொல்ல வைத்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் கோபித்துக்கொண்டு திரும்பப் பார்த்தார், மாப்பிள்ளை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே அம்மா அவருக்குச் சரி சொன்னாள். பால்காரர், தபால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், எல்லாரும் சொன்னார்கள். பால்காரருக்கு நம் வீட்டார் நலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தங்கை ஒருமுறை கேட்டாள். "அவன் மூஞ்சியைப் பாத்தா தெரியுதுல்ல, அவன் சாவுச் சேதி கொண்டாரலன்னு. அது போதும்" என்றார் அப்பா. வேறு யார் வீட்டில் இப்படி ஒரு கூத்து நடக்கும்? ஆனால் அம்மா அதற்கப்புறம் வாசலில் விழவில்லை.

பேருந்து பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நடுவன் எழுந்து போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றான். டிரைவர் இவனுக்குத் தெரிந்தவன்தான், ஒன்றாக வேலை பார்த்தவன்.

"கொஞ்சம் அழுத்துப்பா. அவசரம்."

"எங்கண்ணே அழுத்துறது? முன்னாடி பாருங்க, மண்ணு லாரி குறுக்க நிக்குது. அப்பா எப்படி இருக்கார்? நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்கன்னாங்களே?"

நடுவன் கண்ணாடி வழியாக மண் லாரியைப் பார்த்தான். ஆமாம், நாளைக்கு அனுப்புவதாகத்தான் இருந்தது. அவரைக்காய்ப் பந்தலில் கொடியை ஏற்றிவிடுகிறேன் என்று இந்த வயதில் ஏணியில் ஏறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, நடக்க வைத்தார்கள், நர்ஸ்களோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைப் பத்திரமாக மேஜையில் வைத்தார், தலையணையில் சாய்ந்தார், அவ்வளவுதான். எண்பது தாண்டிய இதயம், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டது.

அந்த டிரைவரிடம் சொல்லத் தோன்றவில்லை. வெளியாளிடம் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு முன் ஊருக்குத் தெரிந்த மாதிரி ஆகிவிடும். "இறக்கி விடுப்பா, நடந்துக்கறேன்" என்றான்.

பாலத்தைக் கடந்து, பட்டறைகள் இருக்கிற தெரு வழியாக, பூங்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வேகமாக நடந்தான். ஓடலாமென்றால் மூச்சு வாங்கியது. முன்னால் போகிற ஒவ்வொரு ஜோடி ஆளையும் உற்றுப் பார்த்தான். பட்டறை வாசலில் இரண்டு பேர் தொப்பி போட்டு நின்றார்கள், வெல்டிங் ஆட்கள். டீக்கடைப் பக்கம் இரண்டு பேர், தபால்காரர்கள். ஊரில் மனிதர்கள் ஏன்தான் இப்படி இரண்டிரண்டு பேராகத் திரிகிறார்களோ.

என்ன சொல்வது என்று நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தான். 'அம்மா, உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்.' வேண்டாம், உட்காரு என்றாலே அவளுக்குத் தெரிந்துவிடும். 'அம்மா, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல.' அது பொய். வாசலில் பொய் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அப்பா அந்த ஒரு விஷயத்தில் யாரையும் மன்னிக்க மாட்டார்.

பூங்கா வேலி ஓரமாக நடக்கும்போது அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பூங்காவில் பாதி அவர் கை வைத்தது.

தெருவுக்கு அவர் சார்ஜன்ட். உண்மையில் அவர் சார்ஜன்ட் ஆகவே இல்லை, பட்டாளத்தில் சாமான் லாரி ஓட்டினவர். அரிசி, மாவு, போர்வை, குண்டு, எது ஏற்றினாலும் மலைக்கு மேலே கொண்டுபோய் இறக்க வேண்டும். கூட ஒரு மாற்று டிரைவர். லாரிக்கு ஸ்டெப்னி டயர் மாதிரி அவர் எப்போதும் கூடவே இருந்ததால் வீட்டில் அவர் பெயர் ஸ்டெப்னி மாமா. சொந்தப் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. பனிமூட்டத்தில் மலைப்பாதை தெரியாதபோது ஸ்டெப்னி மாமா முதுகில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு லாரிக்கு முன்னால் நடப்பாராம். அப்பா அந்தத் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னால் ஊர்ந்து வருவாராம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. இதை மாமாதான் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் போரைப் பற்றிக் கேட்டால், "ரோடு மோசம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. லாரி ஓட்டச் சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நகராட்சிப் பூங்காவில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். செடி வைப்பதிலும் பட்டாளம்தான். கயிறு கட்டி, குச்சி நட்டு, ரோஜாச் செடிகள் வரிசை பிசகாமல் அட்டென்ஷனில் நிற்கும். பூ பறிக்கிறவர்களைக் கண்டால் துரத்துவார். மேயர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டக் கிளையை வெட்டியவர்களைக் கத்தரிக்கோலோடு துரத்தியதில் அவரை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். அங்கே போய் அதிகச் சந்தோஷமாக இருந்தார். நாற்றங்காலில் பூப் பறிக்க ஆள் வராது அல்லவா.

வீட்டில் அவர் வேறு ஆள். காலையில் மூன்று பிள்ளைகளின் ஷூவுக்கும் அவர்தான் பாலிஷ் போடுவார். முடி வெட்டுவதும் அவர்தான். அதனால் நடுவனும் அக்காவும் தங்கையும் பல வருஷம் ஒரே மாதிரித் தலையோடு பள்ளிக்கூடம் போனார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு பார்வை பார்ப்பார், தலை எண்ணுகிற பார்வை. எல்லாத் தலையும் இருந்தால்தான் ரொட்டியைப் பிய்ப்பார். யாராவது வர நேரமானால் சட்டியில் உள்ளது ஆறிப்போனாலும் சரி, கேட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்கிற அந்த ஒரு காதை. "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற குரல் கேட்டதும் அவர் தோள் இறங்குவதை நடுவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சட்டம் அம்மாவுக்காகப் போட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவருக்காகவும்தான் என்று தகப்பனான பிறகுதான் நடுவனுக்குப் புரிந்தது. அவன் மகள் கல்லூரியிலிருந்து வரத் தாமதமானால் அவனும் கேட்டையேதான் பார்ப்பான்.

தெரு முனைக்கு வந்துவிட்டான். எட்டிப் பார்த்தான். தெரு காலியாக இருந்தது. வீட்டு வாசலில் யாரும் இல்லை. தையல் மெஷின் சத்தம் மட்டும் கடகடவென்று வந்துகொண்டிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது அவனுக்கு. சட்டையைச் சரி செய்துகொண்டான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். 'அம்மா, உள்ள வா, கையைக் குடு.' இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தான். குரல் நடுங்கக் கூடாது. மெதுவாக.

கேட்டுக்கு வந்தான். கொக்கியில் கை வைத்தான்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்!"

சொன்னது அவன்தான். அவன் வாய்தான். கண்டக்டர் வாய், ஸ்டாப்பிங் பெயரைத் தூக்கத்திலும் சொல்லிப் பழகிய வாய், அது என்றைக்கு மூளையைக் கேட்டுக்கொண்டு பேசியது? பிறந்ததிலிருந்து அந்தக் கொக்கியைத் தொடும்போதெல்லாம் சொன்னதைத்தான் இப்போதும் சொல்லியது. சொல் காற்றில் போய்விட்டது, வாரி எடுக்க வழியில்லை.

"வாடா, வாடா! கதவு திறந்துதான் கிடக்கு!"

உள்ளேயிருந்து வந்த குரலில் அத்தனை சந்தோஷம். நடுவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

அம்மா முன்னறையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தாள். கையில் ஈரத்துணி. குளியலறையில் வழுக்காமல் இருக்க ரப்பர் பாய் விரித்தாயிற்று, உள்ளே ஒரு நாற்காலி போட்டாயிற்று. அப்பாவின் சட்டைகள் இஸ்திரி போட்டு மடித்துக் கிடந்தன.

"நல்ல நேரத்துல வந்த. இந்தக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகத்தணும். ஒத்தையாளா என்னால முடியல. படுத்திருந்தாலும் அவருக்கு அவரைப் பந்தல் தெரியணும். தெரியலன்னா எந்திரிச்சு எந்திரிச்சு பாப்பாரு, இடுப்பு திரும்ப ஒடிஞ்சிரும். ஏன்டா இப்படி வேர்த்து வழியுது உனக்கு?"

"நடந்து வந்தேம்மா."

"பஸ் என்னாச்சு? சரி, பிடி அந்தப் பக்கம்."

நியாயமாக அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். துணியை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா? கட்டிலைப் பிடித்தான். இழுத்து ஜன்னல் ஓரம் போட்டான். கால்மாட்டில் மரத்துண்டு வைத்து ஆட்டம் நிறுத்தினான். இவ்வளவு பெரிய ஆம்பிளை, கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கேட்டில் கேட்ட அந்த ஒரு சொல்லை நம்பி அவள் முகம் தெளிந்து கிடந்தது, அதில் எங்கே கை வைப்பது?

"அம்மா."

"என்னடா? டாக்டர் என்ன சொன்னாரு? நாளைக்குக் காலையிலயா, மத்தியானமா? காலையிலன்னா நான் இப்பவே மாவு பிசைஞ்சு வச்சிருவேன். உங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரி ரொட்டி பிடிக்கலன்னு நேத்தே மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டாரு."

"அம்மா, கொஞ்சம் இங்க வாயேன்."

"இரு, அடுப்புல தண்ணி வச்சிருக்கேன். உனக்கும் ஒரு டீ போடறேன்."

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அவன் அவள் பின்னால் ஓரடி வைத்தான். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. கல் பதித்த தெருவில் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற சத்தம். ஒரு ஜோடிக் கால் இல்லை, இரண்டு ஜோடி. அம்மா நின்றாள்.

ஜன்னல் வழியாகக் கேட் நன்றாகத் தெரிந்தது. கட்டிலைப் போடுவதற்காக அவன்தான் திரையை விலக்கியிருந்தான். கேட்டுக்கு வெளியே இரண்டு பேர். ஒருவர் நெட்டை, வளைந்த முதுகு. இன்னொருவர் குட்டை, முதுகுக்குப் பின்னால் மலர்வளையத்தை மறைத்துப் பிடித்திருந்தார், வளையம் அவரை விடப் பெரிதாக இருந்ததால் இரண்டு பக்கமும் பூ தெரிந்தது. நெட்டை ஆள் யாரென்று நடுவனுக்கு அப்போதுதான் புலப்பட்டது. ஸ்டெப்னி மாமா. இத்தனை வருஷமாக இந்தக் கேட்டில் வந்து குரல் கொடுத்தவர். அவர் ஜன்னலில் அம்மாவைப் பார்த்துவிட்டார். கொக்கியில் கையை வைத்தபடி ஆடாமல் நின்றார். உதடு அசைந்தது.

"எல்லாரும்..." என்று தொடங்கினார். பழக்கம் அவரையும் விடவில்லை. "எல்லாரும் நல்லா..."

மேலே வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் கிழவர் கேட்டின் மேல் சாய்ந்துவிட்டார்.

நடுவன் ஒரே எட்டில் அம்மாவின் பின்னால் போய் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். விழப்போகிறாள், இதோ விழப்போகிறாள் என்று காலை அகட்டி ஊன்றி நின்றான். அவள் விழவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்பாவாடா?"

"ஆமாம்மா."

பளீரென்று அவன் கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஈரக் கை.

"அப்புறம் எதுக்குடா கேட்டுல அப்படிக் கத்தின?"

"தெரியலம்மா. வாய் சொல்லிருச்சு. உன்கிட்ட மெதுவாச் சொல்லணும்னுதாம்மா ஓடி வந்தேன். வாய் சொல்லிருச்சு." அவன் குழந்தை மாதிரி தேம்பினான். வராத அழுகை எல்லாம் இப்போது வந்தது.

"எப்போ?"

"காலையில. டீ குடிச்சிட்டிருந்தார்."

"வலிச்சுதா?"

"இல்லம்மா. சக்கரை பத்தலன்னு நர்ஸைத் திட்டினார். டம்ளரைக் கீழ வச்சார். சாஞ்சார். அவ்ளோதான்."

"சக்கரை பத்தலன்னாரா?" என்றாள் அம்மா. "நான்தான் போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்." நாற்காலியைத் தேடினாள். நாற்காலி குளியலறையில் இருந்தது. நடுவன் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தான். மாத்திரை எடுக்கட்டுமா, மார் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே அந்த இரண்டு பேரும் கேட்டைத் திறக்கவும் துணியாமல், திரும்பிப் போகவும் முடியாமல் நின்றார்கள். ஸ்டெப்னி மாமா அங்கிருந்தே பேசினார். "தங்கச்சி, செயலாளர் வேற யாரையோ அனுப்பறேன்னாரு. தெரியாத ஆளு வர்றதுக்கு நானே வந்துடறேன்னு தொப்பியை மாட்டினேன். இவனைத் தெரு முனையிலயே நில்லுடான்னு சொன்னேன், ரெண்டு பேராப் போகக் கூடாதுன்னு சொன்னேன். கேக்கல. பின்னாடியே வந்துட்டான்."

"உத்தரவு ரெண்டு பேருக்கும்னுதானே போட்டிருக்காரு" என்றார் குட்டை ஆள், பாவம், பூவுக்குப் பின்னாலிருந்து.

அம்மா எழுந்தாள். நடுவன் கையை நீட்டினான், தள்ளிவிட்டாள். தானே நடந்து வாசலுக்குப் போனாள், படி இறங்கினாள், ரோஜா வரிசைக்கு நடுவே மெல்லப் போய்க் கொக்கியைத் தூக்கினாள். நடுவன் ஓரடி பின்னால், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு போனான். அவள் அந்த இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். பூட்ஸ், பதக்கம், தொப்பி, எல்லாவற்றையும். அப்படி ஒரு பார்வை. பல காலமாகத் தேடிக்கொண்டிருந்த ஆட்களைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"உள்ள வாங்கண்ணா," என்றாள். "உங்க ரெண்டு பேருக்குத்தான் இத்தனை வருஷமா பயந்துட்டே இருந்தேன். பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் பயந்தேன். பூங்காவுக்குப் போனாரு, மரத்துல ஏறுவாரேன்னு பயந்தேன். வீட்லயே இருந்தாரு, ஏணியில ஏறுவாரேன்னு பயந்தேன். ஒருநாள்கூட விடலண்ணா."

"தெரியும் தங்கச்சி" என்றார் மாமா.

"காலையில கண்ணு முழிச்சதும் அதான் முதல் வேலை. பக்கத்துல கைய வச்சுப் பாப்பேன். மூச்சு இருக்கும். அப்புறம்தான் எந்திரிப்பேன்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாதவள் போல மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சு நான் யாருக்காகப் பயப்படறது?"

குட்டை ஆள் மலர்வளையத்தைக் கீழே வைத்தார். ஸ்டெப்னி மாமா தொப்பியைக் கழற்றினார். நடுவன் அம்மாவின் கையைக் கேட்டிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டில் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.